பிடிபட்டவன் யார் வீட்டுப் பிள்ளை?

கல்லடித் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "சேர், காசு புழங்கும் பெரிய விளையாட்டுகளில் நிறையப் பேர் ஊக்கமருந்து எடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பார்க்கிறோம், கைதட்டுகிறோம். ஒருவன் பிடிபட்டால் மட்டும் கள்ளன் என்கிறோம். சனத்துக்கு உண்மையிலேயே இதில் கோபம் இருக்கிறதா? நம்ம மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் என்ன நினைக்கிறார்கள்?" கூடவே ஒரு துணைக்கேள்வியும் இருந்தது. அவருடைய தம்பி ஜிம்முக்குப் போகிறாராம். சுவிஸில் இருக்கும் மாமா அனுப்பிய புரோட்டீன் டின் ஒன்றைக் கரைத்துக் குடிக்கிறாராம். அது சரியா என்று கேட்டிருந்தார். அதைக் கடைசியில் பார்ப்போம்.

நான் பாடசாலை விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வெபர் மைதானத்திலும் கல்முனையிலும் அம்பாறையிலும் பிள்ளைகளோடு வெயிலில் நின்று கறுத்ததுதான் என் தகுதி. டொக்டர் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தைக் கனகாலமாகப் படித்துக்கொண்டு வருகிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சனத்துக்குக் கோபம் வருகிறது, அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கோபம் மருந்தைப் பார்த்து வருவதில்லை. பிடிபட்டவன் யார், நமக்கு எவ்வளவு கிட்ட, அவன் சொன்ன கதை நம்புகிற மாதிரி இருந்ததா, அவனால் பதக்கம் பறிபோனது யாருக்கு என்று பார்த்துத்தான் வருகிறது. கனடா ஓட்டக்காரர் பென் ஜோன்சனுக்கு ஒரு நியாயம், பக்கத்து வளவுப் பொடியனுக்கு இன்னொரு நியாயம்.

பென் ஜோன்சன் கதை பலருக்குத் தெரியும். 1988 செப்டெம்பரில் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 9.79 செக்கனில் ஓடினார். மூன்றாம் நாள் ஸ்டனசோலோல் என்ற, தசை வளர்க்கும் ஸ்டீராய்டு சிறுநீரில் இருந்ததென்று பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த ஓட்டத்தில் நின்ற எட்டுப் பேரில் ஆறு பேர் ஏதோ ஒரு கட்டத்தில் ஊக்கமருந்துப் பிரச்சினையில் அடிபட்டவர்கள் என்பது பிறகு வந்த கதை. உலகம் ஞாபகம் வைத்திருப்பது ஒரே ஒருவரை. ஒருவனைக் கழுவில் ஏற்றிவிட்டால் மற்ற ஏழு பேரையும் நிம்மதியாகப் பார்க்கலாம் அல்லவா.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். இந்த விஷயத்தில் எனக்கு ஆகப் பெரிய பாடம் சுசந்திகா ஜயசிங்கதான்.

கேகாலை மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த ஏழைப் பெண். 1997இல் ஏதென்ஸ் உலக மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளி எடுத்தார். அடுத்த வருடமே நண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தார் என்று ஒரு சோதனை முடிவு வந்தது. நாடு முழுக்க அவருடைய பெயரைக் கிழித்தது. அவர் மறுத்தார், இது சதி என்றார், போராடினார், கடைசியில் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார். ஆனால் சந்தேகம் என்பது சேற்றுக்கறை மாதிரி, கழுவின பிறகும் இடம் தெரியும். எங்கள் ஆசிரியர் அறையிலேயே, "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நானும் அப்போது வாயைத் திறந்து அவருக்காகப் பேசவில்லை.

பிறகு 2000 செப்டெம்பர் 28, சிட்னி ஒலிம்பிக், 200 மீற்றர் இறுதி ஓட்டம். யுத்த காலம். இலங்கைக் கொடி ஏறும்போது மட்டக்களப்பில் எல்லோரும் ஒரே மாதிரிக் கைதட்டினோம் என்று சொன்னால் பொய் சொன்னவன் ஆவேன். ஆனால் பாடசாலை விட்டு வந்து ஒரு கடையில் தொலைக்காட்சிக்கு முன்னால் நாங்கள் கூடி நின்றபோது, அந்த மெலிந்த பெண் வளைவைத் தாண்டி நேர்ப்பாதைக்கு வந்ததும் கடைக்காரக் காக்கா சில்லறையைக் கொடுக்க மறந்து நின்றது எனக்கு இன்னும் ஞாபகம். அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கன், முதலிடம். பஹாமாஸின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27. சுசந்திகா 22.28. வெண்கலம். 1948இல் டங்கன் வைட் எடுத்த பதக்கத்துக்குப் பிறகு, 52 வருடம் கழித்து இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம்.

அந்த ஜோன்ஸ் 2007 ஒக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் நின்று, ஊக்கமருந்து எடுத்ததையும் விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டார். பயிற்சியாளர் கொடுத்தது ஆளிவிதை எண்ணெய் என்று நினைத்தேன் என்பது அவருடைய விளக்கம். அது கலிபோர்னியாவில் ஒரு கம்பனி சோதனையில் தெரியாதபடி செய்து விநியோகித்த ஸ்டீராய்டு. சோதனைக் குழாய்கள் அவரைப் பிடிக்கவில்லை, ஒரு பயிற்சியாளர் 2003இல் அதிகாரிகளுக்கு அனுப்பிய ஊசிக்குழலில் இருந்த மிச்சத்திலிருந்துதான் அந்த முடிச்சே அவிழ்ந்தது. ஜோன்ஸ் ஆறு மாதம் சிறையில் இருந்தார். ஒலிம்பிக் குழு அவருடைய பதக்கங்களைப் பறித்தது. ஆனால் சுசந்திகாவின் வெண்கலத்தை வெள்ளியாக மாற்றுவதற்கு 2009 டிசம்பர்வரை எடுத்துக்கொண்டது. ஒன்பது வருடம்! தங்கத்துக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது 0.01 செக்கன் என்பதும் அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இப்போது ஊரின் முகத்தைப் பாருங்கள். 1998இல் "நெருப்பில்லாமல் புகையுமா" என்றவர்கள்தான் 2007இல் "பாவம் அந்தப் பிள்ளை, அவள் ஓடினதை இவள் களவெடுத்துப் போட்டாள்" என்றார்கள். அதே ஆட்கள், அதே வாய். மருந்தைப் பற்றிய அறிவு இடையில் ஒன்றும் கூடிவிடவில்லை. இழந்தது நம்மவர் என்றதும் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது, அவ்வளவுதான். ஊக்கமருந்து ஏன் தப்பு என்று பிள்ளைகளுக்கு நான் விளக்கும்போது உடல்நலத்தில் தொடங்குவதே இல்லை. இந்த ஓட்டத்தைத்தான் சொல்வேன். மேடையில் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்க முடியாமல் போனதைப் பிறகு தபாலில் அனுப்ப முடியாது என்று சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

கிரிக்கெட்டுக்கு வந்தால் சனத்தின் தராசு இன்னும் வேறு. 2011 உலகக் கிண்ணத்தின்போது உபுல் தரங்கவின் மாதிரியில் பிரெட்னிசோலோன் என்ற வீக்கம் குறைக்கும் மருந்து இருந்தது. தோள் உபாதைக்கு நாட்டு வைத்தியர் ஒருவர் கொடுத்த மருந்தால் வந்தது என்றார். சர்வதேச கிரிக்கெட் சபையான ஐ.சி.சி. மூன்று மாதம் தடை போட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் அவரைத் திட்டினதாக எனக்கு ஞாபகம் இல்லை. காரணம் எளிது. முறிவு நெரிவென்றால் ஆஸ்பத்திரிக்கு முன்னால் பரியாரியாரிடம் ஓடுகிற சனம் நாங்கள். அவர் கொடுத்த எண்ணெயில் என்ன இருக்கிறது என்று எங்களில் யார் கேட்டிருக்கிறோம்? தரங்கவின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க எல்லோராலும் முடிந்தது.

குசல் பெரேரா கதை அதைவிடக் கொடுமை. 2015 டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுலாவில் இருந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள். டோஹா ஆய்வுகூடத்தின் சோதனை முடிவில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு ஒன்று இருந்ததாம். நான்கு வருடத் தடை தலைக்கு மேல் தொங்கியது. 2016இன் இருபது ஓவர் உலகக் கிண்ணம் கையை விட்டுப் போனது. அப்புறம் மே மாதத்தில், ஆய்வுகூட முடிவு நிற்காது என்று ஐ.சி.சி.யே குற்றச்சாட்டை வாபஸ் வாங்கியது. அந்த ஆள்தான் 2019 பெப்ரவரியில் டேர்பனில் கடைசி விக்கெட்டுக்கு 78 ஓட்டம் சேர்த்து, தான் 153 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்று, 304ஐத் துரத்தி ஜெயித்துத் தந்தவர். அன்றைக்கு ஊரில் எத்தனையோ பேர் "இவனையா மருந்து அடித்தவன் என்றார்கள்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள். குற்றச்சாட்டு வந்தபோது அவர்களில் எத்தனை பேர் அவரை நம்பினார்கள் என்று நான் கணக்கெடுக்கவில்லை.

ஆனால் வெளிநாட்டுக்காரன் இதே கதையைச் சொன்னால் நாங்கள் சிரிக்கிறோம். 2003 உலகக் கிண்ணத்துக்கு முன்னால் ஷேன் வோர்ன் பிடிபட்டார். சிறுநீர் போக்கும் குளிசை, அம்மா கொடுத்தது, மெலிந்து தெரிய எடுத்தேன் என்றார். அந்த வகைக் குளிசை தன்னளவில் பலம் தராது, ஆனால் வேறு மருந்தை மறைக்கப் பயன்படலாம் என்பதால்தான் தடை. ஒரு வருடத் தடை முடிந்து 2004 மார்ச்சில் அவர் திரும்ப வந்தது எங்கே தெரியுமா, காலி மைதானத்துக்குத்தான். அங்கேயே 500ஆவது விக்கெட்டையும் எடுத்தார். முரளியோடு போட்டியாக நின்ற ஆள் என்பதால் "அம்மாவின் குளிசை" பகிடி எங்கள் தேநீர்க் கடைகளில் வருடக்கணக்கில் ஓடியது. பரியாரியாரின் எண்ணெய் என்றால் நம்புவோம், அவுஸ்திரேலியாக்காரனின் அம்மா என்றால் நம்பமாட்டோம். 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்யப் பிள்ளை கமிலா வலியேவா, தாத்தாவின் இருதயக் குளிசையால் வந்தது என்றபோது உலகம் அவளைவிட அவளுடைய பயிற்சியாளரைத்தான் முறைத்துப் பார்த்தது. வயது குறைந்தால் கோபம் மேலே ஏறி, பெரியவர்களைத் தேடிப் போகிறது. அது நல்ல விஷயம் என்றே நினைக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மஞ்சு வன்னியாரச்சி ஞாபகம் இருக்கிறதா? 2010 டெல்லி பொதுநலவாயப் போட்டியில் குத்துச்சண்டைத் தங்கம். 72 வருடத்துக்குப் பிறகு இலங்கைக்கு வந்த குத்துச்சண்டைத் தங்கம் என்று கொண்டாடினார்கள். நண்ட்ரோலோன் என்று முடிவு வந்தது, தங்கம் வேல்ஸ்காரருக்குப் போனது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாரும் பேசவில்லை. திட்டவும் இல்லை. மௌனமும் ஒரு தீர்ப்புத்தான். கிரிக்கெட் வீரருக்கு வாதாடச் சபை இருக்கிறது, காசு இருக்கிறது. குத்துச்சண்டைக்காரனுக்கு என்ன இருக்கிறது?

இடையில் ஒரு சின்ன விஷயம். "ஊக்கமருந்து" என்ற சொல்லே கொஞ்சம் இடக்கானது. ஊக்கம் நல்ல சொல். மருந்தும் நல்ல சொல். இரண்டு நல்ல சொல்லைச் சேர்த்துக் கெட்ட காரியத்துக்குப் பெயர் வைத்துவிட்டோம். ஒரு தாய் என்னிடம், "ஊக்கத்துக்குத்தானே சேர் குடுக்கிறாங்க, அதில என்ன பிழை?" என்று உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். மறுபக்கம், போதைப்பொருளோடு இதைக் குழப்புகிறவர்களும் உண்டு. மகன் "மருந்து அடிக்கிறான்" என்றால் ஐஸ், கஞ்சா என்று அலறுகிறார்கள். தசை ஊசி என்று தெரிந்ததும் மூச்சு விடுகிறார்கள். "அது பரவாயில்லை" என்கிற அந்தப் பெருமூச்சைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன்.

"எல்லோரும் எடுக்கிறார்கள்" என்ற பேச்சுக்கு வருவோம். அதில் எவ்வளவு உண்மை? 2011இல் தென்கொரியாவின் டேகுவில் உலக மெய்வல்லுநர் போட்டி நடந்தபோதும், அதே வருடம் டோஹாவில் அரபு நாடுகளின் போட்டி நடந்தபோதும், வீரர்களிடம் யார் சொன்னார் என்று கண்டுபிடிக்க முடியாத முறையில் கேட்டார்கள். கடந்த ஒரு வருடத்தில் ஊக்கமருந்து எடுத்தவர்கள் டேகுவில் 43.6 வீதம், டோஹாவில் 57.1 வீதம் என்று கணக்கு வந்தது. சோதனையில் அகப்படுவதோ வழக்கமாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு. அந்த ஆய்வு வெளியே வரவே சுமார் ஆறு வருடம் பிடித்தது. ஆகவே தம்பி, நீங்கள் "நிறையப் பேர்" என்றது வெறும் கடைப்பேச்சு இல்லை. ஆனால் "எல்லோரும்" இல்லை. டேகுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எடுக்கவில்லை என்றும் அதே எண்ணைப் படிக்கலாம். நமக்கு அப்படிப் படிக்கத் தோன்றுவதில்லை. ஏன் என்றால், எல்லோரும் கள்ளர் என்றால் நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

இன்னொரு பிரபலமான கதையும் உண்டு. ஐந்து வருடத்தில் செத்துப்போவாய், ஆனால் எல்லாப் போட்டியிலும் வெல்வாய், அப்படி ஒரு மருந்து தந்தால் எடுப்பாயா என்று கோல்ட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் வீரர்களிடம் கேட்க, பாதிப்பேர் "ஓம்" என்றார்களாம். 2009இல் அவுஸ்திரேலியாவில் இதே கேள்வியைச் சாதாரணப் பொதுமக்கள் 250 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஓம் என்றவர்கள் இரண்டே பேர். சில வருடம் கழித்து வட அமெரிக்க மெய்வல்லுநர்களிடம் கேட்டபோது அவர்களிலும் ஓம் என்றவர்கள் மிகச் சொற்பம். ஆனால் இன்றைக்கும் மேடைகளில் முதல் கதைதான் ஓடுகிறது. விளையாட்டுக்காரன் பதக்கத்துக்காகச் சாகவும் தயார் என்று நம்புவது கதிரையில் இருந்து பார்க்கிற நமக்குச் சுவையாக இருக்கிறது. அவனை நம்மைப்போல ஒரு மனிதனாக நினைத்தால் பார்க்கிற ருசி குறைந்துவிடுமோ என்னவோ.

அப்போ எல்லோருக்கும் திறந்துவிட்டால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பெரும் காசுக்காரர்கள் சேர்ந்து, ஊக்கமருந்துக்குத் தடை இல்லாத போட்டியை லாஸ் வேகாஸில் நடத்துவதாக அறிவித்ததிலிருந்து இந்தக் கேள்வி கூடிவிட்டது. மட்டக்களப்பானுக்கு இந்த வாதம் புதிதில்லை. மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று வெளியூர்க்காரர் நம்மைப் பகிடி பண்ணுவார்கள். உதைபந்தாட்டப் போட்டிக்கு முதல்நாள் இரவு கோல் கம்பத்தடியில் தேசிக்காய் புதைத்த கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதை யாரும் மோசடி என்று முறைப்பாடு செய்ததில்லை. பதிலுக்கு இவர்கள் இரண்டு தேசிக்காய் புதைப்பார்கள், சரிக்குச் சரி. ஆனால் தேசிக்காய் ஒருவருடைய ஈரலையும் தின்றதில்லை. விலையும் எல்லோருக்கும் ஒன்று.

மருந்து அப்படி இல்லை. காசுள்ளவனுக்கு டொக்டர் பார்த்து, இரத்தம் பார்த்து, அளவு பார்த்துக் கொடுப்பார்கள். படுவான்கரைக் கிராமத்துப் பொடியனுக்குக் கிடைக்கப்போவது யாரோ சொன்ன அளவில், யாரோ விற்ற போத்தல். கிழக்கு ஜேர்மனியில் 1974இலிருந்து அரசே திட்டம் போட்டுச் சுமார் 10,000 வீரர்களுக்குக் கொடுத்தது. பலர் சின்னப் பிள்ளைகள், விட்டமின் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நாடே போன பிறகும் அந்தப் பெண்களின் உடம்பு திரும்பி வரவில்லை. மேலே கதவைத் திறந்தால் அதன் விளைவு கீழே, பாடசாலை மைதானத்தில்தான் வந்து விழும். அதனால் நான் திறந்துவிடு என்கிற கட்சியில் இல்லை.

இனி நம்ம ஊர். நீங்கள் தொழில்முறை விளையாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் பக்கம் அப்படிச் சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. மென்பந்துச் சுற்றுப்போட்டிக்குக் காசு கொடுத்து வெளியூர் ஆள் இறக்குவார்கள், அதுதான் நமக்குத் தெரிந்த தொழில்முறை. ஆனால் இங்கே ஓட்டத்துக்கு வேறொரு சம்பளம் இருக்கிறது. சான்றிதழ். தேசிய மட்டத்தில் இடம் எடுத்தால் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், படைகளிலும் பொலிஸிலும் விளையாட்டுக்காரருக்குக் கதவு திறக்கும். வயலும் தோணியும் மட்டும் உள்ள வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆகவே தொலைக்காட்சியில் சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு பட்டங்களைப் பறித்ததைப் பார்த்து "சரியான வேலை" என்ற அதே தகப்பன், மாகாணப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கையில் என்னிடம் வந்து, "சேர், பவர் குளிசை ஒண்டு இருக்காமே, பொடியனுக்கு எடுத்துத் தாங்களன். மறுகா பார்த்துக்கலாம்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மகன் ஒரு சான்றிதழ் தூரத்தில் நிற்கிறான் என்று நினைத்தார். வயதைக் குறைத்துப் பிள்ளையை இறக்குவதையும் நம்ம ஆட்கள் இதே கணக்கில்தான் மன்னிக்கிறார்கள். மீசை அரும்பிய தம்பி பதினாலு வயதுப் போட்டியில் நின்றால் எதிர் ஊர் மட்டும்தான் சத்தம் போடும்.

அந்தத் தகப்பனை நான் திருப்பி அனுப்பினேன். அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் வேறொரு முறை நான் சரியாக நடக்கவில்லை. குண்டெறிதல் போட்டிக்கு இறங்குகிற பொடியன் ஒருவன் இருந்தான். ஒரு தவணைக்குள் அவன் தோளும் கழுத்தும் மாறிப்போயின. முதுகு நிறையப் பரு. குரல் கட்டை. கோபம் வேறு. வளர்கிற வயது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் இல்லை தம்பி. எங்கள் வலயத்துக்கு அந்த வருடம் இருந்த ஒரே நம்பிக்கை அவன். நான் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான், சொல்லியிருந்தால் நான் அவனை நிறுத்த வேண்டி வந்திருக்கும். கேட்கவில்லை. அவன் இடம் எடுத்தான், பாடசாலையில் மாலை போட்டோம். யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது கட்டாரில் வேலை. லீவில் வந்தால் பாலத்தடியில் காண்பான், மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கித்தான் பேசுவான். பிரஷருக்கு முப்பது வயதிலேயே குளிசை எடுக்கிறானாம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா இல்லையா என்று எந்த டொக்டரும் என்னிடம் சொல்லவில்லை. நான் தூங்காமல் கிடந்த இரவுகள் உண்டு. இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினது அதற்குப் பிறகுதான்.

அதனால்தான் பெரியவர்கள் பக்கம் கோபம் திரும்புவது நல்லது என்றேன். உலக ஊக்கமருந்து விதிக்கோவையில் அடிப்படை விதி ஒன்று உண்டு. உன் உடம்புக்குள் போனதற்கு நீயே பொறுப்பு, எப்படிப் போனது என்பது தண்டனையின் அளவுக்கு மட்டும்தான். கடுமையான விதி. இல்லாவிட்டால் எல்லோரும் அம்மாவையும் தாத்தாவையும் காட்டிவிடுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை அகப்பட்டால் கூட நின்ற பயிற்சியாளர் முதலானவர்களையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்று அதே கோவை சொல்கிறது. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் இதற்கென்று ஒரு முகவர் நிலையமே அமைத்தார்கள். பாடசாலைப் போட்டிகளிலும் அவர்கள் மாதிரி எடுக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் நாட்டில் இல்லாததால் மாதிரி கடல் தாண்டிப் போகும்.

மாதிரி எடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம சனத்துக்கு ஊக்கமருந்தைவிட இதில்தான் கோபம் அதிகம். சிறுநீர் வெளியேறுவதைச் சோதனையாளர் கண்ணால் பார்க்க வேண்டும், பெண் பிள்ளைக்குப் பெண் அதிகாரி. இரண்டு போத்தலில் ஊற்றிப் பிள்ளையின் கையாலேயே மூடி முத்திரை வைப்பார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால் தாய்மார் கொதிப்பார்கள், நியாயமும் இருக்கிறது. 18க்குட்பட்ட பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கூடப் போகலாம். ஆசிரியர்மார் இதை வீட்டுக்கு முதலே சொல்லி வைத்தால் பாதிச் சண்டை வராது.

அப்புறம், யாரையும் ஏமாற்ற நினைக்காத பிள்ளையும் அகப்படுகிற வழி ஒன்று இருக்கிறது. நம்ம தனியார் டிஸ்பென்சரிகளில் இருமலுக்குப் போனால் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நாலு குளிசையைச் சின்னக் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். பெயர் இல்லை. மூச்சிழுப்புக்குக் கொடுக்கும் சல்பியூட்டமோலை உறிஞ்சினால் ஓர் அளவுவரை அனுமதி, அதையே குளிசையாக விழுங்கினால் தடை. பிரெட்னிசோலோன் குளிசை போட்டி நேரத்தில் தடை. இந்தியக் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு 2019இல் எட்டு மாதத் தடை விழுந்தது இருமல் பாணியால். 1500 மீற்றர் ஓடுகிற என் மாணவி ஒருத்தி போட்டிக்கு முதல்நாள் அப்படி ஒரு பையோடு வந்தாள். அதைக் கொண்டுபோய் ஒரு பாமசியில் ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டோம். ஒன்று சல்பியூட்டமோல். டொக்டரிடம் திரும்பிப் போய் மாற்றி வாங்கினோம். இப்படிக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. பிளேன்டீயைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கஃபீனை 2004இலேயே தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், இஞ்சி போட்டுக் குடியுங்கள்.

இனி உங்கள் தம்பியின் டின். புரோட்டீன் மாவு ஊக்கமருந்து இல்லை, பெரும்பாலும் பாலில் இருந்து எடுக்கிற சத்துத்தான். ஆனால் 2000, 2001இல் ஜேர்மனியின் கொலோன் ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்து மாவு, குளிசை வகைகளைச் சோதித்தபோது 94இல் டின்னில் எழுதாத ஹோர்மோன் பொருள்கள் இருந்தன. ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. போட்டிக்குப் போகாத பிள்ளை என்றால் தடைப் பயம் இல்லை, ஆனால் உடம்பு அதே உடம்புதானே. பதின்ம வயதில் தசை வளர்க்கும் ஸ்டீராய்டு போனால் எலும்பின் வளர்முனை நேரத்துக்கு முன்னால் மூடிக்கொள்ளும், விதை சுருங்கும், இருதயம் தடிக்கும். ஜிம்மில் யாராவது "இது வேறு ஸ்டீராய்டு, டொக்டர்மாரும் கொடுக்கிறதுதான்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். டொக்டர் வீக்கத்துக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் வகை வேறு, தசை ஊசி வேறு. முதல் வகையை எடுத்து முகம் ஊதினதைச் சதை போட்டதாக நினைத்துக்கொண்டு திரிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டின்னை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கூட வேறு ஏதாவது எடுக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். நீங்கள் கேட்டால் சொல்லமாட்டார் என்று தோன்றினால் அவரையே அனுப்புங்கள், டின்னோடு. பின்னேரம் நாலரைக்குப் பிறகு வெபர் மைதானத்துக் கிழக்குப் பக்கத்துப் படிக்கட்டில்தான் இருப்பேன். முதுகில் பரு இருக்கிறதா என்று வருவதற்கு முன்னால் நீங்களே ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.